ஈசானிய மூலையில் ஒரு வளைவு

கண்ணு,

நேற்றுச் சாயங்காலம் மாடிக்குத் துணி எடுக்கப் போனவள், நீயும் காண்ட்ராக்டரும் பள்ளத்தோரம் சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். கோடு நேராக வந்தது. ரோட்டுப் பக்கமிருந்து கிளம்பி, மணல் திட்டின் மேல் ஏறி, தண்ணீர் ஓடுகிற இடத்துக்கே இறங்கி, அங்கே ஒரு மூலை திரும்பியது. பொடி நிற்காத இடத்தில், தண்ணீருக்குள், இரண்டு குச்சி நட்டீர்கள். அப்போதே இறங்கி வந்து பேசியிருக்கலாம். பேசினால் நீ, "ஏனுங்ம்மா, கல்யாணப் பத்திரிகை வெக்கற வேலையே பாதி நிக்குது, இதை இப்பத்தான் பேசோணுங்களா?" என்று சிரிப்பாய். நீ சிரித்தால் நானும் விட்டுவிடுவேன். எழுதும்போது அந்தச் சங்கடம் இல்லை. ஓய்வு பெறும்வரை செய்தித்தாளில் ஊராருக்காக எழுதிப் பழகிய கை, உனக்காகவும் ஒரு தடவை எழுதட்டும்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுவது என் தொழில் பழக்கம். கல்யாணம் முடிந்த கையோடு இந்த நிலம் உன் பேருக்கு வருகிறது. நான் எந்த நிபந்தனையும் போடப்போவதில்லை, கையெழுத்தை நிறுத்திவைக்கவும் மாட்டேன். நீ உன் பனியன் யூனிட்டை எங்கே கட்டுவது என்பது உன் முடிவு. ஆனால் அந்தக் கோட்டில் சுவர் எழுந்தால், ஏதோ ஒரு பெரிய மழையில் எதிர்க்கரை கரையும். அங்கே சரசக்கா வாடகைக்கு விட்டிருக்கிற லைன் வீடுகள் வரிசையாக இருக்கின்றன. கடைசி வீட்டுச் சுவருக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இன்றைக்கு ஒரு சைக்கிள் போகிற அளவுக்குத்தான் இடம். உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒரு தடவை நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

நம் பள்ளத்தை நீ தினமும் பார்த்து வளர்ந்தவன். அதனாலேயே அதைப் பார்த்திருக்க மாட்டாய். வெளியூர்க்காரர்கள் ஓடை என்பார்கள், நமக்கு அது பள்ளம். வேலம்பாளையத்துக்கு மேலே கரட்டிலிருந்தும் மேட்டுக்காட்டிலிருந்தும் வருகிற மழைத்தண்ணீர் அதில் சேர்ந்து, கீழே நொய்யலுக்குப் போகிறது. மேற்கேயிருந்து நம் நிலத்தின் வடக்கு ஓரமாக வந்து, வடகிழக்கு மூலையைச் சுற்றிக்கொண்டு தெற்கே திரும்புகிறது. ஆகவே வளைவின் உள்பக்கம் நாம், வெளிப்பக்கம் சரசக்கா. நம் பக்கம் மணல் சேரும், அவர் பக்கம் கரை அரிக்கும். இதில் யாருடைய புண்ணியமும் இல்லை, யாருடைய பாவமும் இல்லை. ஆனால் இரண்டு குடும்பமும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதன் காரணம் எனக்கு விளங்கியது ஒரு டீக்கடையில். வெள்ளச் செய்தி ஒன்றுக்காகப் பொதுப்பணித் துறை என்ஜினியர் ஒருவரோடு அலைந்துகொண்டிருந்தேன். "ஆறு ஏன் உள்பக்கம் மண்ணைப் போடுது சார்?" என்று கேட்டேன். அவர் தன் கிளாஸில் அடியில் தங்கியிருந்த டீத்தூளைக் கலக்கிவிட்டு ஸ்பூனை எடுத்தார். சுற்றுகிற வேகத்துக்குத் தூள் ஓரத்துக்குப் போகும் என்றுதான் நினைப்போம். அது நடுவில் வந்து குவிந்தது. மேலே இருப்பது வேகமாகச் சுற்றி ஓரத்தில் முட்டுகிறது. அடியில் இருப்பது கிளாஸின் தரையில் உரசி வேகம் குறைந்து நடுவை நோக்கித் திரும்புகிறது, வரும்போது தூளையும் இழுத்து வருகிறது. வளைவிலும் இதுதான் நடக்கிறது. மேல் தண்ணீர் வெளிக்கரையில் போய் மோதி அரிக்கிறது. அடித்தண்ணீர் தரையிலிருக்கிற மணலைத் தள்ளிக்கொண்டு உள்கரைப் பக்கம் ஏறி, அங்கே வேகம் செத்து, மணலைப் போட்டுவிட்டுப் போகிறது. "இப்ப புரிஞ்சுதுங்களாம்மா? ஆறு தண்ணி மட்டும் கொண்டு போற சாமானில்லீங்க. மண்ணு கொண்டு போற சாமான்" என்றார் அவர்.

அன்றிலிருந்து வெள்ளம் வந்தால் நான் தண்ணீரைப் பார்ப்பதை விட்டு மண்ணைப் பார்க்க ஆரம்பித்தேன். வண்டல் தண்ணீரோடு கலந்தே போகிறது, தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில்தான் படியும். மணல் தரையை ஒட்டித் தத்தித் தத்திப் போகிறது. சரளைக்கல் உருண்டு போகிறது, அதற்கு நல்ல வெள்ளம் வேண்டும், மற்ற காலத்தில் போட்ட இடத்தில் கிடக்கும். ஒவ்வொரு வேகத்துக்கும் தண்ணீர் சுமக்கிற சுமைக்கு ஒரு அளவு உண்டு. வேகம் குறைந்தால் கூடுதலை இறக்கிவைக்கும். வேகம் கூடினாலோ, மேலிருந்து சுமை வராமல் போனாலோ, எடுத்துக்கொள்ளத் தேடும். பக்கத்தில் இருக்கிற கரையிலும் தரையிலும்தான் எடுக்கும். இதை ஒரு கட்டுரையாக எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எங்கள் ஆசிரியர் இரண்டு பத்தி படித்துவிட்டு, "ஏம்மா, நொய்யல்னா சாயத்தை எழுது. மணல்னா கடத்தலை எழுது. மணல் தானா நடந்து போறதை எவன் படிப்பான்?" என்றார். கட்டுரை வரவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வருஷங்களில் சாயப்பட்டறைக் கழிவு கலந்த தண்ணீரின் நிறம் ஊரையே கலக்கிக்கொண்டிருந்தது. நிறத்தைப் பார்த்த கண்ணுக்கு ஆற்றின் உருவம் மாறியது தெரியவில்லை. சாயம் இப்போது எவ்வளவோ குறைந்திருக்கிறது. உருவம் பற்றிய பேச்சை இனிமேல்தான் ஆரம்பிக்க வேண்டும்.

உன் அப்பாவுக்கு நம் நிலத்தில் ஒரே ஒரு குறை. ஈசானிய மூலை வெட்டுப்பட்டிருக்கிறது என்று. ஊரில் யார் யூனிட் கட்டினாலும் மனை சதுரமாக இருக்க வேண்டும், வடகிழக்கு குறையக்கூடாது என்பது உனக்கே தெரியும். சரக்கு வாங்குகிற பையருக்கு டெலிவரி தள்ளிப்போனாலும் சரி, கம்ப்ரஸர் ரிப்பேர் ஆனாலும் சரி, உன் அப்பாவின் கண் அந்த மூலைக்குத்தான் போகும். வாஸ்து பார்க்க வந்தவர், "பள்ளம் உங்க மூலையை முழுங்கிருச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளம் விழுங்கவில்லை, அந்த மூலை என்றைக்குமே இருந்ததில்லை. வளைந்து ஓடுகிற தண்ணீர் உள்கரையை வளைவாகத்தான் விடும். நான் சொன்னேன். "நீ பேப்பர்ல எழுது, நான் தொழில் பண்றேன்" என்றார் அப்பா.

முதலில் மூட்டை அடுக்கினார். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். இந்த ஊரில் எதற்கும் பனியன் வேஸ்ட்தானே. வண்டி துடைக்க, தலையணைக்கு, மெத்தைக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். நூல் வந்த சாக்குகளில் கட்டிங் வேஸ்ட்டைத் திணித்து, தைத்து, தண்ணீருக்குள் மூலை கட்டி, உள்ளே மண் நிரப்பினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மழையில் மூட்டைக்கு அடியிலிருந்த மணலைப் பள்ளம் உருவிக்கொண்டு போனது. மூட்டைகள் உருண்டு எதிர்க்கரைக்குப் போய், தையல் பிரிந்து, சரசக்காவின் தென்னை மரங்களில் சிவப்பும் மஞ்சளுமாகச் சுற்றிக்கொண்டன. மறுநாள் காலை அவர் அந்தக் கரையில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு கூப்பிட்டார்: "ஏனுங்க மொதலாளி! எங்க தென்னைக்கெல்லாம் ஜட்டி போட்டு உட்டுட்டீங்களே! சைஸு யாருங்க எடுத்தது?" பள்ளத்தின் இரண்டு பக்கமும் சிரிப்பு. நீ வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வாரம் அந்த வழியாக ஸ்கூலுக்குப் போகவில்லை.

அப்பா சிரிக்கவில்லை. கோடையில் கருங்கல்லில் சுவர் எழுப்பினார். அதே மூலை, அதே கோடு. அதாவது நேற்று நீ போட்ட கோடு. நீ அதற்குள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய், அதனால் அடுத்து நடந்தது உனக்குப் போனில் கேட்ட கதைதான். மூலை நிறைந்தது, பூஜை போட்டோம், ஆர்டரும் வந்தது. சுவர் பள்ளத்தின் அகலத்தை அந்த வளைவில் குறைத்துவிட்டது. நம் பக்கம் ஏறி வேகம் குறைந்து மணலை இறக்கிவைக்க இடமில்லை. அடுத்த வெள்ளம் முழு வேகத்தோடு எதிர்க்கரையில் மோதியது. முதலில் தென்னைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பிறகு ஒரு மத்தியானம், லைன் வீட்டுக் குளியலறை கரையோடு சேர்ந்து உட்கார்ந்தது. உள்ளே ஆள் இல்லை. அந்த ஒரு வரியைத்தான் அன்றைக்குச் செய்தியில் முதலில் எழுதினேன்.

சரசக்கா அன்று கத்தவில்லை. நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "உங்க மூல நெறஞ்சுதுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அதற்குப்பின் நம் வீட்டு விசேஷத்துக்கு அவர் வரவில்லை, அவர் வீட்டுக்கு நாம் போகவில்லை. உன் அப்பா கெட்டவர் இல்லை கண்ணு. குளியலறையைத் தன் செலவில் கட்டித்தருகிறேன் என்று ஆள் அனுப்பினார். சுவரை மட்டும் எடுக்க மாட்டேன் என்றார். தன் நிலத்தில் தான் கட்டிய சுவர் அடுத்தவர் வீட்டை எப்படித் தள்ளும் என்பது அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. நடுவில் தண்ணீர்தானே இருக்கிறது என்பார்.

கடைசியில் அந்தச் சுவரும் நிற்கவில்லை. பள்ளத்தில் நமக்கு மேலே ஒரு தடுப்பணை கட்டினார்கள். கிணறுகளுக்கு நல்லது, நானே பாராட்டி எழுதினேன். ஆனால் மேலிருந்து வந்த மணல் அணைக்குப் பின்னால் நின்றுவிட்டது. கீழே வந்தது தெளிந்த தண்ணீர். சுமை இல்லாமல் வருகிற தண்ணீர் பார்க்கச் சாதுவாக இருக்கும், அதன் வேலை வேறு. இரண்டு மழையில் பள்ளத்தின் தரையை ஒரு ஆள் உயரம் தோண்டிவிட்டது. சுவரின் அஸ்திவாரம் வெளியே தெரிந்தது, பிறகு அஸ்திவாரத்துக்கு அடியும் தெரிந்தது. ஒருநாள் காலை சுவர் முழுதாக, ஒரு கல்கூடப் பெயராமல், முன்பக்கம் குப்புறப் படுத்துக்கிடந்தது. அப்பா இறங்கிப் போய் அதன்மேல் கைவைத்துப் பார்த்தார். "நல்லாத்தான கட்டுனோம்?" என்றார். "செவுரு நல்லாத்தானுங்க இருக்குது. அது நின்ன எடந்தான் போயிருச்சு" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்த மூலையைப் பார்த்து அவர் சிரித்தது எனக்குத் தெரிந்து அன்று ஒருநாள்தான். அடுத்த தை மாதம் அவர் நம்மை விட்டுப் போனார்.

பிறகு நடந்தது நீ பெங்களூரில் பையர் ஆபீஸில் வேலைக்கு இருந்த காலம். நான் சரசக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்கவைத்துத்தான் பேசினார். "விழுந்த செவுத்துக் கல்லு எங்களுது, கரை உங்களுது. எடுத்துப் போட்டுக்கறீங்களாக்கா?" என்று கேட்டேன். "போடறதுக்கு முன்னால வாஸ்துக்காரரக் கேட்டுக்கிட்டீங்களா?" என்றார். "அவரு இப்பெல்லாம் தண்ணிப் பக்கமே வர்றதில்லீங்க" என்றேன். அப்புறம் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். பழைய டீக்கடை என்ஜினியரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தேன். அவரும் ஓய்வு பெற்றிருந்தார். கற்களைச் சுவராக அடுக்காமல், எதிர்க்கரையின் காலடியில் சரிவாகப் பரப்பச் சொன்னார், இடைவெளி விட்டு. இடைவெளியில் கோரையும் வெட்டிவேரும் வைத்தோம். நம் பக்கத்தில் எதுவும் செய்யவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சும்மா விடுவதற்கு யாரிடமும் நியாயம் சொல்ல முடியாது. பார்க்கிறவர்களெல்லாம், "எடத்த இப்படி உட்டுட்டீங்களே" என்பார்கள்.

இரண்டு மூன்று மழைக்காலத்தில் தடுப்பணை மணலால் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த மணல் அதன் தலைமேல் ஏறிக் கீழே வர ஆரம்பித்தது. தோண்டிப்போன தரை கொஞ்சம் கொஞ்சமாக மேலேறியது. சென்ற ஐப்பசியில் பெருவெள்ளம் வந்தபோது நானும் சரசக்காவும் ஆளுக்கொரு கரையில் குடையோடு நின்றோம். தண்ணீர் நம் பக்கம் ஏறி, அகலமாகப் பரவி, ஓசை குறைந்து போனது. எதிர்க்கரையில் கற்களின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். நம் பக்கம் புது மணல், அலை அலையாக. அவர் பக்கம், கோரையின் தூரில், முதல் தடவையாக ஒரு சாண் வண்டல் படிந்திருந்தது. அரித்துக்கொண்டே இருந்த கரை அது. பள்ளத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டால் இரண்டு கரைக்கும் ஏதாவது கொடுத்துவிட்டுப் போகும் என்று என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊருக்கு வந்ததும் நீ அந்த மணல் திட்டைப் பார்த்து, "ஏனுங்ம்மா, இத்தனை எடம் சும்மா கெடக்குது!" என்றாய். அது சும்மா கிடக்கவில்லை என்று சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். வெள்ளத்தன்று பள்ளம் தன் சுமையை இறக்கிவைக்கிற இடம் அது. அதை நீ எடுத்துக்கொண்டால், இறக்கிவைக்க முடியாத சுமையோடும் வேகத்தோடும் அது எதிர்ப்பக்கம் போகும். இதையே உன் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் உவமையாக நீட்டி நான்கு பக்கம் எழுத எனக்கும் தெரியும். வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். எல்லா நேரத்தையும் எல்லா இடத்தையும் வேலையால் நிரப்பிவிடாதே. உன் அப்பா ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்மென்ட் பார்த்தார். உன்னோடும் என்னோடும் அவர் பேச வேண்டிய பேச்சுகள் இறங்க இடமில்லாமலே போய்விட்டன.

நேற்று நீ போன பிறகு, நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிற நித்யா வந்திருந்தாள். கல்யாணப் புடவைக்கு ரவிக்கை அளவு பார்க்க என்று சொன்னாள், ஆனால் கையில் ஷெட் பிளான் இருந்தது. மாடியிலிருந்து இருவரும் கோட்டைப் பார்த்தோம். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அவள் பிளானைத் திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அத்தை, ஈசானியம் தாழ்ந்து தண்ணியா இருக்கறதுதானுங்களே நல்லதும்பாங்க? தென்மேற்கு, கன்னி மூலைதான ஒசரமா, கனமா இருக்கோணும்? ஷெட்ட அப்படியே ரோட்டுப் பக்கம் தள்ளி கன்னி மூலைல வெச்சுட்டா என்னங்க?" என்றாள். நான் அசந்துபோனேன். இத்தனை வருஷம் வாஸ்துவோடு சண்டை போட்டேனே தவிர, அதையே நம் பக்கம் பேசவைக்கத் தோன்றவில்லை. உன்னிடம் அவளே சொல்வாள். ஒன்றையும் மறைக்காமல் நான் எழுதிவிடுகிறேன். அப்படித் தள்ளினால் தையல் மிஷினில் ஒரு வரிசை குறையும். கம்பெனி வேன் உள்ளே திரும்ப முடியாது, ரிவர்ஸில்தான் வெளியே போக வேண்டும். நஷ்டமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்று காலையில் எதிர்க்கரைக்குப் போயிருந்தேன், சரசக்காவுக்குப் பத்திரிகை வைக்க. பெரியவர்கள் வைக்க வேண்டிய பத்திரிகை அது. தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, "வராம இருப்பனுங்களா" என்றார். கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பும்போது கடைசி வீட்டு ஜெபமணி ஓடிவந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், ஓவர்லாக் டெய்லர், புருஷனும் அவளும் ஒரே கம்பெனி. பின்னால் அவள் மகள், இந்த வருஷம் ஒண்ணாவது சேர வேண்டியவள், என் சேலையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏக்கா, இந்தால சுவரு எழும்புதாம்லா? வேன்ல எல்லாரும் பேசிக்கிடுதாவ. பிள்ளைய இங்கன பள்ளிக்கூடத்துல சேக்கட்டுமா, இல்ல வேற வீடு பாத்துட்டு அந்தப் பக்கம் சேக்கட்டுமா? இன்னிக்குத்தான்க்கா பேரு குடுக்கணும்" என்றாள்.

முடிவு உன்னுடையது என்று இந்தக் கடிதத்தின் ஆரம்பத்தில் எழுதினேன். அது மாறவில்லை. திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்ட ஹிட்டாச்சி வரும்போது நான் கரைக்கு வர மாட்டேன், மாடியிலிருந்து எட்டிப் பார்க்கவும் மாட்டேன். ஆனால் ஜெபமணிக்கு அந்த நிமிஷமே பதில் சொல்ல வேண்டியிருந்தது. "என் மகனைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தால் அவள் வேறு வீடு தேடப் போயிருப்பாள். நான் அப்படிச் சொல்லவில்லை, கண்ணு. உன்னைக் கேட்காமலே, "இங்கேயே சேர்த்துடு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அப்போதே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

அம்மா